போக்குவரத்துச் செலவு

நூதனசாலை இல்லை, ஓவியக்கூடம்.
வழி கேட்டால் எல்லாரும்
அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்தையே காட்டுவார்கள்.
நான் போவது அதைத் தாண்டி,
பின்கதவு, இறங்கு படி, பிறகு
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவெல்லாம் குடித்த தண்ணீரை
நிலூபா வாளியில் ஊற்றும் ஓசை.
"இன்றைக்கு மூன்று லீற்றர்" என்கிறாள்
காலை வணக்கத்துக்குப் பதிலாக.

எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு
நாற்பது பக்கத்தில் ஒரு வரலாறு வேண்டும்.
படங்களோடு என்றால் முப்பது போதும்
என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் பெட்டி வரை திறப்புவிழாக்கள்.
வெட்டிய நாடாவில் ஒரு துண்டுகூட இருக்கிறது,
குண்டூசியின் துரு ஏறி.
வர முடியாமைக்கு வருந்தும் கடிதங்கள்.
எத்தனை பேர், எவ்வளவு அழகாக வருந்தியிருக்கிறார்கள்!
வந்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சேர்க்கைப் பதிவேடு மிஸ் யொன்க்லாஸின் கையெழுத்து;
சட்டம் போட்டு ஆணியில் மாட்டியது போல
சாய்வே இல்லாத எழுத்து.
66. தாமரை மொட்டுகள், நீர்வர்ணம்.
67. மழைக்கு ஒதுங்கியவர்கள், எண்ணெய் வர்ணம்,
இருபத்துநான்குக்குப் பதினெட்டு அங்குலம்.
68. மட்பாத்திரம், விரிசலுடன்.

அவர் ஓய்வுபெற்ற பின் தட்டச்சில் அடித்த பதிவேட்டில்
அறுபத்தாறை அடுத்து அறுபத்தெட்டு.
இராமபாணப் பூச்சி என்று முதலில் நினைத்தேன்.
பேர்தான் பாணம்;
அது எண் பார்த்துத் துளைக்காது.

இருபத்துமூன்றாம் பெட்டி, வவுச்சர்கள்.
வாளி ஒன்று, கூரை ஒழுக்குக்கு, இரண்டு ரூபா ஐம்பது.
வாளி இரண்டு.
மறுபடி வாளி.
நடுவில் முப்பது சதத்துக்கு ஒரு துண்டு:
பியோன் அ. சவிரிமுத்து,
போகப் பதினைந்து, வரப் பதினைந்து.
இடம்: பம்பலப்பிட்டி, கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, வீடு பதினொன்று.
காரணம்: ஓவியம் திருப்பி எடுத்தல்.

பத்து நாள் கழித்து இன்னொன்று, அதே ஒழுங்கை.
மூன்றாவது துண்டின் முன்பக்கம்
ஆங்கிலம், இறப்பர் முத்திரை, சுருக்கொப்பம்.
பின்பக்கம் பென்சிலில்
இத்தனை பெட்டிகளில் நான் கண்ட ஒரே தமிழ்:

"துரை வீட்டில் இல்லை என்று துரையே வந்து சொன்னார்.
படம் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குது.
கேற்றுக்கு வெளியே நின்று கண்டேன்.
நல்ல மழை."

பிறகு துண்டுகள் இல்லை.
அடுத்த வருடச் சம்பளப் பட்டியலில்
சவிரிமுத்துவின் பெயர் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
காரணம் எழுதும் நிரல் வெறுமை.

நிலூபாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன்.
துரை பகுதியில் வாய்விட்டுச் சிரித்தாள்.
பின் துண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து,
கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்,
எழுத்துப் பிடிபடாதவள்
படம் பார்ப்பது போல.
"இதற்கு ஒரு இலக்கம் போடுவோமா?
அறுபத்தேழு சும்மாதானே கிடக்கிறது."

நான் பதில் சொல்லவில்லை.
நாலு மணிக்குக் காலி வீதி பஸ் பிடித்தேன்.
டிக்கெட் கேட்டதற்கு
கொண்டக்டர் என்னைப் புதிய ஆள் போலப் பார்த்தார்;
ஆகவே இந்தச் செலவை
எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

பதினொன்று இப்போது பதினான்கு மாடி.
கண்ணாடி, கடல், கண்ணாடி.
யாரைப் பார்க்க வேண்டும் என்றார் வாசல் காவலாளி.
சாப்பாட்டு மேசை என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

அதற்குள் கடல் பக்கமிருந்து பிடித்துவிட்டது மழை.
ஒரு ஆள் நிற்க மட்டும் கட்டிய கூண்டுக்குள்
அவர் சற்றுத் தள்ளி நின்றார்.