தாண்டாது

முதலில் கருவேல முள் அடைத்தேன்.
முள்ளில் செவலை மயிர் நாலு இழை
விட்டுவிட்டுப் போயிருந்தது.
ரசீது மாதிரி.

அப்புறம் கம்பி.
கானாடுகாத்தானில் குழி வெட்டியவர்களுக்குத் தெரியும்:
ரெண்டு சாண் கீழே செம்புராங்கல்.
கடப்பாரை ணங்கென்று துள்ளித்
தோள்பட்டைக்கே திரும்பி வரும்.
பதினோரு கல்லுக்கால் ஊன்ற
அடைக்கனுக்கு நாலு நாள் கூலி,
நாலு நாளும் டீ, வடை.
ஐந்தாம் நாள் காலையில்
கால் நின்றது, கம்பி நின்றது,
மாடு இல்லை.

கன்றாக இருக்கையில்
சாந்தி என்று பெயர் வைத்தது நான்தான்.
யாரைக் குறை சொல்ல.

பங்களா ஓட்டல் புல்தரையில் நின்றிருக்கிறாள்.
மூன்று வேளையும் தண்ணீர் காட்டி வளர்த்த புல்.
வெள்ளைக்காரி ஒருத்தி படமாய்ப் பிடித்துத் தள்ளினாளாம்.
மேனேஜர் சவரிமுத்து அதில் ஒன்றை எனக்கு அனுப்பி
கீழே எழுதியிருந்தார்: ஐந்நூறு.
படத்தில் சாந்தி நேராகப் பார்க்கிறாள்,
மொய் எழுதாமல் முதல் பந்தியில்
உட்கார்ந்துவிட்ட முகத்தோடு.

கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிட்டேன்,
ஓடினால் முழங்காலில் இடிக்கும்.
ஓடவில்லை.
நடந்து போனாள்.

குவைத்திலிருந்து அவர்
"தள்ளிவிடு அதை" என்றார்.
என்னிடம் சொல்ல இன்னும் இருந்தது.
லைன் போய்விட்டது.

திங்கட்கிழமை, காரைக்குடிச் சந்தை.
ஆம்பளைகளுக்கெல்லாம் துண்டுக்குள் விரல் பிடித்து விலை.
எனக்கு மட்டும் "வாயால சொல்லும்மா" என்றார் தரகர்.
சொன்னேன், சந்தைக்கே கேட்கும்படி.
பல் பார்த்தார்கள். மடி பார்த்தார்கள்.
சுழி சுத்தம் என்றார்கள்.
கல்லல் பக்கத்து ஆள் ஒருவர்
மடியிலிருந்து பணத்தை எடுத்தபடி,
"வேலி தாண்டுமா?"

"தாண்டாது" என்றேன்.
பொய் இல்லை பாருங்கள்.
அத்தோடு விட்டிருக்கலாம்.
"உடைக்கும்" என்றது என் வாய்.

திரும்பி வரக் குட்டியானைக்கு எழுநூறு.
வழியெல்லாம் காற்று வாங்கிக்கொண்டு
எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

அன்று ராத்திரி கட்டையை அவிழ்த்தேன்.
படலைத் திறந்தே போட்டேன்.
போடி,
எங்கே போகணுமோ போ.
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம்
திறந்த வாசலைப் பார்த்தபடி நின்றோம்.
ஊருணிப் பக்கம் தவளை கத்தியது.
அவள் மெல்ல மடங்கிப் படுத்து
அசைபோட ஆரம்பித்தாள்.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

விடிந்து போய்ப் பார்க்கிறேன்.
படல் நான் திறந்த மாதிரியே
வாயைப் பிளந்து நிற்கிறது.
வாசல் மண்ணில் ஒரு குளம்படி இல்லை.
வடக்கு மூலையில்
ஏழாவது கல்லுக்கால் மல்லாந்து கிடக்கிறது,
கம்பியில் நாலு இழை செவலை.

அங்கேயே உட்கார்ந்து
முந்தானையை வாயில் பொத்திச் சிரித்தேன்.
அடைக்கன் பயந்துபோய் "என்னக்கா" என்றான்.
"கடப்பாரையை எடு" என்றேன்.
"இல்லை, முதலில் டீ வாங்கிட்டு வா."

இடுப்பில் போன் டிங் என்றது.
சவரிமுத்து.
சிக்னல் ஒரு கோடுதான்.
படம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது,
மங்கலாய், பச்சை நடுவில்
செவலையாய் ஏதோ.