நீடாமங்கலம் கேட்

நாலு வருஷமாக என் மேலாளருக்கு
எங்கள் ஊர் ஒரு மணிச்சத்தம்.
"உங்க பக்கம் என்னவோ அடிக்குது, மியூட் போடுங்க."
கேட் போடுகிறார்கள் என்றால் அவருக்குப் புரியாது.
கேட் என்றால் அவருக்கு அபார்ட்மென்ட் வாசல்.
இங்கே கேட் என்றால்
மினி பஸ், மணல் லாரி, வைக்கோல் டிராக்டர்,
முகூர்த்தத்துக்கு நேரமாகிற மாப்பிள்ளைக் கார்,
எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி
காரணம் சொல்லாமல் வைத்திருக்கும்
ஊரின் ஒரே ஹெச்.ஆர்.

மாடி அறையில் என் வேலை
ஒஹையோவில் யாரோ ஒருவரின் முழங்கால் அறுவைக்கு
காப்பீடு உண்டா, இல்லையா.
நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று
எந்த முழங்காலும் கேட்டதில்லை.

மே கடைசியில் மெயில் வந்தது.
ஒன்றாக இருப்பதன் ஆற்றல் பற்றி முதல் பத்தி.
இரண்டாவதில் விஷயம்:
ஜூன் பன்னிரண்டு முதல் சோழிங்கநல்லூர்,
வருகை எண்பது சதவீதம்,
அட்டை தேய்க்காத நாள் விடுப்பு.
தேதியைப் பார்த்து அமிர்தகடேசன் சிரித்தான்.
"உங்காளுங்களும் மேட்டூரோடதான் திறக்கிறாங்க."

அவன் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவன்;
அனுப்பிவிட்டு ராத்திரி சோறு இறங்காதவன்.
வயலில் விளைந்தது எல்லாருக்கும் தெரியும்,
இருந்தாலும் தார்ப்பாய்க்கு அடியில் வந்து
பத்து நாள் வரிசையில் கிடந்தால்தான் அது நெல்.
"எண்பதுன்னு எதை வச்சு அளக்கிறாங்க?
மீட்டர் எந்தக் கம்பெனி?" என்றான்.
கேலியா, தொழில்முறைச் சந்தேகமா, தெரியவில்லை.

நான் கிளம்பி எட்டாம் நாள்
மூணாறு தலைப்புக்குத் தண்ணீர் வந்த போட்டோ.
நுரை, கோரை, நுரைக்கு முன்னால் ஓடும்
ஒற்றை நீலச் செருப்பு.
ஆறாம் மாடியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஆறாம் மாடியில் இருக்கைக்கு எண் உண்டு,
தினமும் வேறு எண்.
மேலாளர் புனேயில். குழுவில் ஒருவர் கொச்சி, இரண்டு பேர் மணிலா.
நூற்று நாற்பது பேர் தோளோடு தோள் உட்கார்ந்து
வேறெங்கோ இருப்பவர்களோடு பேசுகிறோம்.
"உங்க பக்கம் ஒரே சத்தம், மியூட் போடுங்க."

பொய் சொல்லக் கூடாது.
பிலோமினாவைப் பார்த்தது அங்கேதான்.
நாலு வருஷமாகப் பச்சை வட்டத்துக்குள் இரண்டெழுத்து;
இடது கைக்காரி என்று யாருக்குத் தெரியும்?
என் டப்பாவிலிருந்து வடுமாங்காயை
கேட்காமல் எடுத்துக் கடித்தாள்.
பத்து நிமிஷம் கழித்து, கழிப்பறையில்
குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.
வீட்டிலென்றால் ஒரு பொத்தான் போதும்.
நான் கதவுக்கு வெளியே நின்றேன்,
என்ன செய்வதென்று தெரியாமல்,
ஆனால் நின்றேன்.

என் மகளுக்கு ஆறு வயது.
ராத்திரி வீடியோவில் நான் பேச்சற்றுப் பார்த்திருந்தால்
"அம்மா, நீ மியூட்ல இருக்கே" என்கிறாள்.

ஞாயிறு ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ்.
என்னை ஏற்றிவிட்டுத் திரும்புகிறவர்களை
கேட் பிடித்துக்கொள்கிறது.
ஜன்னல் வழியே தெரிகிறது:
அணைக்காத ஹெட்லைட்டுகள்,
பெட்ரோல் டேங்கின் மேல் கவிழ்ந்து தூங்கும் மகள்,
அவள் நழுவாமலிருக்க ஒரு கையால் ஓட்டவும்
ஒரு கையால் பிடிக்கவும் பழகிவிட்ட அவன்.
இந்த நேரத்தில் எவனுக்குக் கேட் போடுகிறார்கள் என்று
எத்தனை தடவை அந்த இடத்தில் நின்று திட்டியிருக்கிறேன்.

மணி அடிக்கிறது.
ரயிலுக்குள்ளிருந்து அதை இன்றுதான் கேட்கிறேன்.
மூன்று விநாடிகூட இல்லை.