அரை லிட்டர்

வல்திவியாவில் மே பிறந்துவிட்டால்
கூரைத் தகரம் வாய் மூடாது.
அத்தனை மழைக்கும் நடுவே
என் தாத்தா பெலிசாரியோவுக்கு
நாளொன்றுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் சொந்தம்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஏழு மாதம்.
திங்கள், புதன், வெள்ளி
விடியுமுன் மருத்துவமனை வேன் ஹாரன் அடிக்கும்.
நான்கு மணி நேரம்
அவர் இரத்தம் வெளியே போய்
குழாய்களில் சுற்றிவிட்டு வீடு திரும்பும்.
அவரோ கால்பந்து முடிவு கேட்பார்,
தோற்றிருந்தால் இயந்திரத்தைத் திட்டுவார்.

வீட்டில், கோடு போட்ட ஜாம் புட்டி.
மாத்திரைக்கு இவ்வளவு, சூப்புக்கு இவ்வளவு.
கோடையில் ஒருநாள் தர்பூசணித் துண்டோடு
குளியலறையில் பிடிபட்டார்.
அத்தை அழுதாள்.
அவர் நிதானமாக விதையைத் துப்பினார்.

அவர் முன்னால் நாங்கள் யாரும் குடிப்பதில்லை.
அதை மரியாதை என்று நினைத்திருந்தோம்.

நேற்றிரவு தாகம் எழுப்பிவிட,
விளக்குப் போடாமல்
குழாயை நூலளவு திறந்து
ஓசையில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"திருட்டுப் பூனை மாதிரி ஏன் குடிக்கிறாய்?"
இருட்டில், விறகடுப்போரம், அவர்.
"சத்தமாகக் குடி, ஐலின்.
எனக்குக் கேட்கட்டும்."

முழுக்கத் திறந்தேன்.
மடக், மடக்.
பல்லில் கூச்சம், நாக்கில் லேசான இரும்பு,
பிறகு நெஞ்சுக்குள் இறங்கும் நீளமான ஒரு கோடு.
பத்தொன்பது வருடமாகக் குடிக்கிறேன்,
இதெல்லாம் எங்கே இருந்தது?

கண்ணை மூடியிருந்தார்.
அவர் குரல்வளையும்
என்னோடு ஏறி இறங்கியது.

"இன்னொன்று" என்றார்.

எனக்குத் தாகம் தீர்ந்திருந்தது.
நிரப்பினேன்.