வடிகால் முடியும் இடம்

செம்மண்ணுக்குப் புளிப்பு அதிகம் என்று
அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்.
"நக்கியா பார்த்தாங்க?" என்றார் மாதையன்.
ஆனாலும் சுண்ணாம்பு போட்டோம்,
வீட்டுச் சுவருக்கு இதுவரை அடிக்காத சுண்ணாம்பு.

ராயக்கோட்டைக்கு மேற்கே, பாறைக்குக் கீழே
அரை ஏக்கர் குதிரைமசால்.
குதிரை இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை.
எங்களிடம் நான்கு மாடுகள்; ஒன்று சினை.

ஆறிய அரிசிக்கஞ்சியில்
நுண்ணுயிர்ப் பொட்டலத்தைக் கரைத்து
விதையைப் புரட்டி
புங்கமர நிழலில் சாக்கின்மேல் உலர்த்தினேன்.
வெயில் மட்டும் படக்கூடாது என்றிருந்தாள்
விரிவாக்க மையத்து ஷகிலா.
மூன்றாம் மாதம் ஒரு செடியைப் பிடுங்கி
வேர்முடிச்சை நகத்தால் கீறினேன்.
உள்ளே இளஞ்சிவப்பு,
பல் முளைக்காத ஈறு மாதிரி.
இதற்கு யூரியா வேண்டாம்.
காற்றைத் தானே சமைத்துத் தின்னும்.
வரப்புக்கு அப்பால் கம்பு நேப்பியர் அப்படியில்லை,
ஒவ்வொரு அறுப்புக்கும் கை நீட்டும்.
கொடுத்தால் ஆள் உயரம்,
கொடுக்காவிட்டால் மஞ்சள் முகம்.

ஊதாப்பூ அங்கங்கே கண் திறந்ததும் அரிவாள்.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை.
ஏழாம் அறுப்பில்
இலை ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி,
மாவு சலித்தவள் கையை உதறியது போல.
பூச்சி என்று மருந்து அடித்தார் மாதையன்.
பத்து நாள் மாட்டுக்குப் போட முடியவில்லை.
புள்ளி அப்படியே இருந்தது,
மருந்துக்கடைக் கடனும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
"சாம்பல்சத்து போயிடுச்சுக்கா" என்றாள் ஷகிலா.
ஐந்து டன் பச்சை அறுத்தால்
அரை மூட்டை பொட்டாஷும் கூடவே போகுமாம்.
எங்கே போகும்?
நான் ஒரு கட்டுகூட விற்கவில்லை,
தின்றதெல்லாம் என் மாடுகள்.
"பால்ல போயிடுமா?"
"பால்ல கொஞ்சந்தான்.
சாணியை என்ன பண்ணீங்க?"

அதைக் கேட்டிருக்க வேண்டாம்.
சித்திரையில் ஐந்து டிராக்டர் சாணி
ஓசூர் ரோஜாக் கூடாரங்களுக்குப் போனது.
திம்மராயன் எண்ணி வைத்த பணம்
மகளின் விடுதிக் கட்டணமானது.
யாரோ யாருக்கோ நீட்டிய பூவில்
என் வயலின் ஒரு பிடி இருந்திருக்கும்.
சரி. அது தெரிந்தே விற்றது.

"அதுலயும் கணக்கு முழுசா வரலையே" என்றாள்.
"மூத்திரம் எந்தப் பக்கம் போகுது?
பொட்டாஷ் பெரும்பாலும் அதுலதான்."

கொட்டகைக்கு சிமெண்ட் தளம் போட்டது போன வருஷம்.
வழுவழுவென்று ஒரு வாய்க்கால்.
ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்
எல்லாம் சுவர் ஓட்டை வழியாக வெளியே.
வெளியே என்றால் எங்கே என்று
அன்றைக்குத்தான் போய்ப் பார்த்தேன்.

சிறுபாலத்துக்கு அந்தண்டை
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பள்ளம்.
இடுப்பளவு எருமைப்புல்,
கறுத்த பச்சை.
உழாதது, விதைக்காதது,
ஒரு ரூபாய்க்கு உரம் காணாதது.
யாருடைய வெள்ளாடோ
தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு
வேலையைத் தொடர்ந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது.
பிறகு அரிவாள் எடுத்துவந்து
இரண்டு கட்டு அறுத்தேன்.
என்னுடையதைத்தானே.

"புது சிமெண்டை உடைக்கச் சொல்றியே"
என்று முனகிக்கொண்டே
கடப்பாரை போட்டார் மாதையன்.
இப்போது வாய்க்கால் தொட்டிக்குப் போகிறது,
ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து
அங்கிருந்து மசாலுக்கு.
நேராக விட்டால் வேர் வெந்துவிடும்.
ஒரு மூட்டை பொட்டாஷும் வாங்கினோம், கடனுக்கு.
எட்டாம் அறுப்பு புள்ளியோடுதான் வந்தது.
ஒன்பதைப் பார்க்க வேண்டும்.

நடுராத்திரியில்
சினைமாடு பெய்யும் சத்தம் கேட்டால்
இப்போதெல்லாம் விழித்துக்கொள்கிறேன்,
எந்தப் பக்கம் ஓடுகிறது என்று
காது கொடுத்தபடி.