எத்தனையாவது பிள்ளை

பூடோ முகாமில்
படைச்சேர்க்கைத் தேர்வன்று
படிவத்தில் ஒரு கட்டம்:
வீட்டில் எத்தனையாவது பிள்ளை?

கட்டங்களைச் சுழற்றிப் பொருத்தும் புதிர்களைவிட
அதற்குத்தான் நேரம் பிடித்தது.

தலைச்சனுக்கு இரண்டு புள்ளி கூடுதலாம்,
பென்சிலைக் கடித்தபடி சொன்னான்
பக்கத்து மேசை ஐவிந்த்.
அவன் கடைக்குட்டி.

ஹால்வார் நாலு வயதில் போனான்,
பனி விரிந்த ஏரியில்.
எனக்கு அப்போது இரண்டு.
அவனுடைய பூட்ஸ் பெரிதாயிருந்து
ஒரு குளிர்காலம் சரியாயிருந்து
பிறகு கடித்தது.

சுன்னிவாவுக்கு
மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நான்.
எனக்கு யார்?

ஒன்று என்று எழுதினேன்.
அழித்து, இரண்டு.
தாள் அந்த இடத்தில் மெலிந்துபோனது.

மதிப்பெண் வந்ததும்
போனில் கேட்டாள் அம்மா.
சொன்னேன்.
கொஞ்ச நேரம்
மீன் பொரியும் சத்தம் மட்டும்.