பதினொரு பேர் படுக்க

கேட்வே படித்துறையில்
மெல்வின் டிசில்வா மூன்று படகு காட்டினார்.

முதலாவது வெள்ளை வெளேரென்று.
தலைகீழாய்த் தொங்கும் கண்ணாடிக் கோப்பைகள்,
தளத்துக்கடியில் நீல விளக்கு.
"பர்த்டேயா, பேச்சிலர் பார்ட்டியா, மேடம்?"
இரண்டும் இல்லை.
"ஆபீஸ் குரூப்?"
அப்படியும் சொல்லலாம்.

எத்தனை பேர் என்றார். பதினொன்று என்றேன்.
பதினைந்து பேர் தாராளமாய் உட்காரலாம்.
படுக்க எத்தனை பேருக்கு இடம் என்று கேட்டேன்.

பேனாவை மூடிவிட்டு
என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

சயானில் சிறுநீரக வார்டு.
ஆறு வாரமாய் இரவுப் பணி.
பகல் தூக்கம்
குக்கர் விசிலுக்கும் கொரியர்காரனுக்கும் நடுவே
கிழிந்து கிழிந்து கிடைத்த கந்தல்.
ஆளுக்கு ஆயிரத்து இருநூறு போட்டோம்,
ரெஹானா மட்டும் இரண்டு தவணையில் தருவாள்.
ஷைனிக்கு அலை ஒத்துக்காது.
மந்தாகினி காம்ப்ளேவுக்கு முழங்கால் மடங்காது.
கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் கட்டாயம்.
எல்லாம் ஒரு மருந்துச் சீட்டின் முதுகில்
எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாவது படகு எல்லாவற்றுக்கும் சரி.
மெத்தை இருந்தது, நிழல் இருந்தது,
படிகூடத் தாழ்வுதான்.
முன்பணத்துக்குக் கைப்பையைத் திறந்தபோது
உள்ளேயிருந்து ஏதோ கூப்பிட்டது.
பீப்.
ஒரு மூச்சு விட்டு, பீப்.

என் கால்கள் தாமாகவே
எந்தக் கட்டில் என்று தேடித் திரும்பின.

"ஆழம் பார்க்கிற கருவி, மேடம்."
நிறுத்த முடியுமா?
"கேப்டன் ஒத்துக்கொள்ள மாட்டார்."
ஒத்துக்கொள்ளக் கூடாதுதான்.
நானும் ஒத்துக்கொண்டதில்லை.

மூன்றாவது பாய்மரம். பழசு.
பெயரில் ஓர் எழுத்தை உப்பு தின்றுவிட்டது.
தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கயிறு.
படி, மந்தாகினிக்கு மலை.
ஆழம் எப்படிப் பார்ப்பீர்கள் என்றேன்.
"நேற்று இருந்த சேறுதான் இன்றைக்கும்"
என்றார் ஹரிபாவு தாண்டேல், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

சத்தம்?
"காற்று போடுகிற சத்தம்தான்."
காற்று நின்றால்?
"நாமும் நிற்போம்."

அந்த ஒரு பேச்சுக்கே
நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன்.

ரசீதில் 'விசேஷம்' என்று ஒரு கட்டம்.
தூக்கம் என்று எழுதுங்கள் என்றேன்.
மெல்வின் சிரிக்காமல் எழுதினார்,
எழுத்துக்கூட்டிப் பார்த்து,
அடியில் கோடும் போட்டு.

படிக்கு, வார்டு ஸ்டூலை நானே தூக்கி வந்துவிடுவேன்.
ஷைனிக்கு ஒரு கிட்னி ட்ரே.
கயிற்றை வெளியே யாராவது பிடித்துக்கொண்டால் போதும்,
யாராவது ஒருத்தி
விழித்திருந்தால்.