இரண்டாம் பொத்தான்

திருப்புளியை வைத்து அழுத்தினான் எம்ரிஸ்;
ஊறிய ரொட்டியில் போல இறங்கியது.
கதவுக்கடியில் தகடே இல்லை,
பெயின்ட் மட்டும் வீம்புக்கு நிற்கிறது.
"வெல்டிங்குக்கு ஒன்பதாயிரம் பவுண்டு, கெத்தின்.
மேலே கொஞ்சம் போட்டால் புதுசே வரும்."

அபெரிஸ்ட்வித் ஷோரூமில்
புதுசுக்குள் உட்கார்ந்தேன்.
வெளியே மழை, மடியில் ஒரு சொட்டு இல்லை.
இருக்கை ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம்:
ஒன்றை அழுத்தினால் நான்.
"இரண்டு யாருக்கு, சார்?"

பழசில் பொத்தான் கிடையாது.
கடைசியாய் நெரிஸ் இழுத்துப்போட்ட இடத்திலேயே
துருவேறி இறுகிவிட்டது ஓட்டுநர் இருக்கை.
மூன்று வருடமாக
என் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கிறது.

எம்ரிஸுக்குப் போன் போட்டேன்:
எதை வேண்டுமானாலும் அறுத்துக்கொள்.
இருக்கைக்கடியில் மட்டும்
எண்ணெய் விட்டுவிடாதே.